தலைவர் வேனில் ஏறக் கூடாது

என் அத்தையின் வேனில் ஒரு பதவி கிடைக்க வேண்டுமானால் முதலில் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போக வேண்டும். அதன் பிறகு ஒரு வருடம் சாகாமல் இருக்க வேண்டும். வெளியாள் யாரிடமாவது இதைச் சொன்னால் பேயறைந்தது போலப் பார்க்கிறார்கள். வேனில் இருப்பவர்களோ இதைச் சொல்லித்தான் சிரிப்பார்கள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் அதே வேனைத் திருப்பிக்கொண்டு போய் டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டு வாசல்களில் ஏற்றி ஆஸ்பத்திரியில் விடுவாள். சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையை அங்கே ஓர் இயந்திரம் செய்யும். கையில் இரண்டு ஊசி குத்தி, ரத்தத்தை வெளியே இழுத்து, கழுவித் திருப்பி உள்ளே விடும். வாரத்துக்கு மூன்று தடவை இது நடக்காவிட்டால் உடம்பில் தண்ணீர் ஏறி மூச்சு முட்டும். முடிந்து வெளியே வரும்போது ஆள் பிழிந்த துணியாக இருப்பார். அப்படிப்பட்டவர்களைத் திரும்ப ஏற்றி வீட்டில் சேர்த்துவிட்டு, பள்ளி விடும் மணிக்குச் சரியாகப் பள்ளி வாசலில் நிற்பாள்.

இது மாமாவால் வந்த வேலை. மாமாவுக்குச் சிறுநீரகம் போனபோது அத்தை அவரைத் தன் வேனில்தான் கூட்டிப்போவாள். ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில், பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் கம்பத்தைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்தார். அத்தை அவரை ஏற்றிக்கொண்டாள். அடுத்த தடவை அவர் இன்னொருவரைக் கூட்டி வந்தார். வேன் நிறைந்தது. பிறகு மாமா இறந்துபோனார். துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர்கள் வீட்டில் இருக்கும்போதே அத்தை சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "புருஷன் போன ஈரம் கூடக் காயல, வண்டிய எடுத்துட்டாளே" என்று ஒரு பெரியம்மா வாயில் கையை வைத்தார். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முக்குல ஆளுங்க நிக்கிறாங்க அண்ணி. அவங்க ரத்தத்துக்குத் துக்கம் தெரியுமா?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வேனில் உட்காருவதற்கு ஒரு முறை உண்டு. ஊசி குத்தும் கையை யாரும் இடித்துவிடக் கூடாது. அந்தக் கை போனால் உயிர் போகும் வழி திறந்த மாதிரி. அதனால் இடது கைக்காரர்கள் இடது ஜன்னல் ஓரம், வலது கைக்காரர்கள் வலது ஜன்னல் ஓரம், நடுவில் யாருடைய கையும் இருக்காது. தண்ணீர் நிறையக் குடிக்கக் கூடாது என்பதால் ஒருவருக்கொருவர் போலீஸ்காரர்கள். "என்ன, உதடு ஈரமா இருக்கு? டீயா?" என்று விசாரணை நடக்கும்.

பதவி கொடுக்கும் பழக்கம் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. அத்தைக்குப் பக்கத்து சீட்டில் யார் உட்காருவது என்று சண்டை வந்தது. "சரி, அது தலைவர் சீட்டு. யார் ரொம்ப நாளா மெஷின்ல இருக்கீங்களோ அவர்தான் தலைவர்" என்றாள் அத்தை. அடுத்தவர் செயலாளர், அதற்கடுத்தவர் பொருளாளர். ஒரு வருடம் தாண்டிய ஒவ்வொருவருக்கும் துணை, இணை என்று ஏதோ ஒன்று. பதவியில் இருப்பவர் இறந்தால் அடுத்தவருக்குப் போகும். அந்த வேனில் பதவி இழந்தவர்களில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. அது அங்கே எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அப்போது தலைவராக இருந்தவர் சினிமா கொட்டகை வாசலில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் எப்போதும் சீப்பு. பொருளாளர் அக்கா இஸ்திரிக் கடை வைத்திருந்தவர். வாழ்நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த மனுஷி. செயலாளர் தம்பி செல்போன் ரிப்பேர் பார்க்கும் இளவட்டம், கல்யாணம் பேசிக்கொண்டிருந்தபோது சிறுநீரகம் போனவர்.

இந்தப் பதவிகள் எழுத்தில் ஏறியதற்கு ஆஸ்பத்திரி காவலாளிதான் காரணம். "தனியார் வண்டி உள்ள நிக்கக் கூடாது. சங்கம், டிரஸ்ட்டுன்னு ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்று அவர் ஒரு நாள் கேட்டை அடைத்துவிட்டார். செயலாளர் தம்பி ஓடியாடிச் சங்கத்தைப் பதிவு செய்தார். நிர்வாகக் குழுவில் யார் பெயரைப் போடுவது என்று யாருக்கும் சந்தேகமே வரவில்லை. வேனில் யார் தலைவரோ அவர்தான் தலைவர். ஓட்டுகிற அத்தைக்கு மட்டும் அதில் ஒரு பதவியும் கிடையாது. "உனக்குத்தான் ரெண்டு கிட்னியும் கல்லு மாதிரி இருக்கே, உனக்கெதுக்குப் பதவி?" என்று அக்கா அவளைக் கேலி செய்வார்.

சங்கம் பதிவானதும் தலைவர் தன் பெயர் அச்சடித்த காகிதம் ஒன்றைக் கேட்டு வாங்கிப்போனார். வேறு எதையும் அவர் கேட்டதில்லை.

போன வருடம் அக்காவுக்குச் சர்க்கரையால் கால் அழுகி, முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அத்தையின் வேன் பழைய வண்டி. படி உயரம். அக்காவைச் செயலாளர் தம்பியும் இன்னும் இருவரும் தூக்கி ஏற்றினார்கள். தூக்கினவர்களும் நோயாளிகள்தானே. ஒரு நாள் தூக்கும்போது தம்பியின் ஊசிக் கை நழுவி, கட்டு நனைந்து, ரத்தம் அக்காவின் புடவையில் வழிந்தது. அக்கா கத்தின கத்தலில் தெருவே வெளியே வந்தது. அடுத்த முறைக்கு அவர் வாசலுக்கு வரவில்லை. அத்தை உள்ளே போய்ப் பார்த்தாள்.

"எந்திரிங்கக்கா, நேரமாச்சு."

"நான் வரல."

"வரலன்னா?"

"வரலன்னா வரல. என்ன ஏத்துறதுக்கு இன்னொருத்தன் ரத்தம் சிந்தணுமா? போதும் டிரைவரு. இஸ்திரி போட்ட வரைக்கும் போட்டாச்சு. பெட்டிய அணைச்சிரலாம்."

அத்தை அவரைத் திட்டி, அழுது, கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு நாற்காலியோடு தூக்கி ஏற்றினாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் இது நடக்குமா? சக்கர நாற்காலியை அப்படியே மேலே தூக்கும் லிஃப்ட் வைத்த வேன்கள் உண்டு. அதன் விலையைக் கேட்டு அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ்தான் வழி சொன்னார். இப்படிப்பட்ட வண்டிகளுக்கு நிதியுதவி கொடுக்கும் ஓர் அறக்கட்டளை இருக்கிறதாம். கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம், ஆனால் விண்ணப்பம் கச்சிதமாக இருக்க வேண்டும். அதைத் தொழிலாகவே எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்களாம்.

முதலில் வந்தவர் ஆஸ்பத்திரி கேன்டீனில் சுற்றும் ஓர் ஆள். "நீங்க ஒண்ணும் தர வேண்டாம். பணம் வந்தா அதுல எனக்கு ஒரு பங்கு. கண்டிப்பா வாங்கித் தர்றேன், எல்லா இடத்துலயும் நமக்கு ஆள் இருக்கு" என்றார். அத்தைக்கு அது நல்லதாகத்தான் பட்டது. கிடைத்தால் கொடுக்கிறோம், கிடைக்காவிட்டால் இல்லை, இதில் என்ன நஷ்டம்? வேனில் அவருக்குப் பங்காளி என்று பெயர் வைத்தார்கள். நர்ஸ் அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு இன்னொருவரின் விலாசத்தைக் கொடுத்தார்.

அந்த அம்மாவின் அலுவலகம் கண்ணாடி ஃபிரேம் போடும் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேசை, கறகறக்கும் மின்விசிறி. கீழே கண்ணாடி அறுக்கும் சத்தம் பல்லைக் கூசவைத்தது. அவருக்கு எழுத்தம்மா என்று பின்னால் பெயர் வந்தது. நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். சிரிப்பே கிடையாது.

பங்காளி சொன்னதை அத்தை அவரிடம் சொன்னாள்.

"வண்டி வாங்கத் தர்ற பணத்துல அவர் பங்கு எடுத்துக்கிட்டா, வண்டியில எதக் கழட்டுவீங்க? லிஃப்டயா, டயரையா?" என்றார் எழுத்தம்மா. "குடுக்கறவங்க ஒவ்வொரு காசுக்கும் கணக்கு கேப்பாங்க. பங்குன்னு தெரிஞ்சா அப்பவே கிழிச்சுப் போடுவாங்க. நான் வேலைக்குக் கூலி வாங்குவேன். கிடைச்சாலும் அதே கூலி, கிடைக்கலன்னாலும் அதே கூலி."

அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கிடைக்கலன்னாலுமா?"

"ஸ்கூல் புள்ளைய ஏத்திட்டுப் போறீங்க. அது பரீட்சைல ஃபெயிலாச்சுன்னா வேன் காசத் திருப்பித் தருவீங்களா?"

அத்தை நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஆனா அதுக்கு முன்னாடி, உங்களுக்குத் தகுதி இருக்கான்னு பாக்கணும். அதுக்குக் காசு இல்ல. தகுதி இல்லாத இடத்துக்கு எழுதிக் குடுத்துட்டுக் கூலி வாங்கினா அது திருட்டு" என்று சொல்லி, அறக்கட்டளையின் விதிகளை ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். பதிவு செய்த அமைப்பா? ஆமாம். இரண்டு வருடம் இயங்கியிருக்கிறதா? ஆமாம். யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லையே? இல்லை, முடிந்தவர்கள் டீசல் போடுவார்கள். வண்டி யார் பெயரில் வரும்? "என் பேர்லதான்" என்றாள் அத்தை.

"வராது. சங்கத்துப் பேர்லதான் வரும். நீங்க அதுல டிரைவர்."

"என் வண்டிக்கு நானே வேலக்காரியா?"

"உங்க வண்டி இல்லம்மா அது. அத முதல்ல மனசுல வாங்கிக்குங்க. வாங்க முடியலன்னா இப்பவே எந்திரிச்சுப் போயிரலாம்."

அத்தை எழுந்திருக்கவில்லை. அவள் முகத்தை அப்போது பார்க்கச் சகிக்கவில்லை என்று கூடப் போயிருந்த செயலாளர் தம்பி பிறகு சொன்னார். ஆனால் பெரிய அடி அதற்கு அப்புறம்தான் விழுந்தது.

"நிர்வாகக் குழுவுல யார் யாரு?"

தம்பி பெருமையாக எல்லாப் பெயரையும் சொன்னார். எழுத்தம்மா எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார்.

"இவங்க எல்லாம் யாரு?"

"எல்லாரும் நம்ம வேன்ல வர்றவங்கதான்!"

"எல்லாருமா?"

"நானும்தான்" என்று தம்பி கையில் இருந்த கட்டைக் காட்டினார்.

எழுத்தம்மா பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார். குழுவில் இருப்பவர் யாரும், அவர் குடும்பத்தாரும், கேட்கிற பொருளால் பயன் பெறக் கூடாது என்பது அந்த அறக்கட்டளையின் விதி. தனக்குத்தானே வண்டி வாங்கிக்கொள்வதைத் தடுப்பதற்காக வைத்தது. "விதி தப்புன்னு சொல்ல முடியாது. குழுன்னு சொல்லிட்டு வீட்டுக்குக் கார் வாங்கினவங்கள நான் பாத்திருக்கேன். குழுவுல இருந்தா வேன்ல ஏறக் கூடாது. வேன்ல ஏறணும்னா குழுவ விட்டு விலகணும். ரெண்டுல ஒண்ணு."

பங்காளியிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தாராம். "பேப்பர்ல அவங்க மாமன் மச்சான் பேர மாத்திப் போட்டா முடிஞ்சுது." எழுத்தம்மாவோ அதைக் கேட்டதும், "அப்படின்னா வேற ஆளப் பாத்துக்குங்க. ஆபீசர் நேர்ல வருவாங்க, வேன்லயே ஏறிப் பேசுவாங்க. பொய்யின்னு தெரிஞ்சா இந்த ஒரு இடம் இல்ல, ஒரு இடத்துலயும் அப்புறம் வாசப்படி மிதிக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். அத்தை வேனுக்கு டயர் மாற்ற வைத்திருந்த பணத்தை எடுத்து எழுத்தம்மாவிடம் கொடுத்தாள்.

மறுநாள் எல்லாரும் ஏறியதும் அத்தை வண்டியை எடுக்காமல் திரும்பி உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். வெளியே ஒரு தண்ணீர் லாரி போய்க்கொண்டிருந்தது, அது தெருமுனை திரும்பும்வரை கேட்டது. துணைத் தலைவர் ஒருவர் தன் நெஞ்சைத் தடவிக்கொண்டார். உயிரோடு இருக்கும்போதே பதவி போவதா? அவர்கள் யாருக்கும் அப்படி ஒன்று தோன்றியதே இல்லை.

முதலில் வாயைத் திறந்தவர் அக்காதான். "எனக்குக் காலே போயிருச்சு. பொருளாளர் போனா என்ன, போகட்டும். என் பேர எடு."

அவருக்காகத்தானே இவ்வளவும். அவரே சொன்ன பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். செயலாளர் தம்பி, "இனிமே நான் வெறும் தம்பி" என்றார். சிரிப்பு வந்தது. தலைவர் மட்டும் முன் கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைவரே?" என்றாள் அத்தை.

"நான் விலக மாட்டேன்."

"அக்காவ நெனச்சுப் பாருங்க."

"நெனச்சுதான் சொல்றேன். பதவியில இருக்கறவன் வேன்ல ஏறக் கூடாது, அவ்வளவுதானே விதி? சரி. நான் ஏறல." கதவைத் திறந்தார். இறங்கினார். சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

வேன் முழுக்க வாயைப் பிளந்தது. அத்தை ஹாரனை அடித்தாள், கத்தினாள். அவர் திரும்பவில்லை.

"கிழவனுக்குப் பதவி வெறி பிடிச்சிருச்சு" என்றார் ஒருவர்.

"வாய மூடு" என்று அக்கா சீறினார். "அந்த வீட்டுல அவர 'அது'ன்னு சொல்றாங்க. 'அது சாப்பிட்டுச்சா, அது தூங்கிருச்சா'ன்னு மருமக கேக்கறத என் காதால கேட்டேன். அவர அவர்னு சொல்ற இடம் இந்த வேன் ஒண்ணுதான். அதையும் புடுங்கினா மனுஷன் என்ன பண்ணுவார்?"

தலைவர் பஸ்ஸில் ஏறினார். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள், ஆனால் பஸ்ஸை முந்தவில்லை.

அன்றிலிருந்து அந்த ஊர்வலம் தொடங்கியது. முன்னால் பஸ், பின்னால் வேன். பஸ் நிற்கும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வேனும் நிற்கும். இரண்டு பக்க ஜன்னலிலிருந்தும் தலைகள் எட்டிப்பார்க்கும். "உக்கார இடம் கிடைச்சிருச்சா?" "நிக்கிறார்." "எந்தக் கை பக்கம் ஆள் நிக்குது?" "இடது கை பக்கம் ஒரு கூடைக்காரி." "அய்யய்யோ!" பின்னால் வரும் வண்டிகள் ஹாரனில் வசைபாடும். பஸ் கண்டக்டர் ஒரு நாள் இறங்கி வந்து, "ஏம்மா, எங்க கலெக்‌ஷன கெடுக்க வந்திருக்கியா? எங்க பயணிய ஏத்தப் பாக்குறியா?" என்று சண்டைக்கு நின்றார். "உள்ள ஒல்லியா, சீப்பு வச்சுக்கிட்டு ஒருத்தர் நிக்கிறார் பாருங்க, அவருக்கு ஒரு சீட்டு குடுங்க, போறேன்" என்றாள் அத்தை. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் டிக்கெட்டைக் கிழித்தவர் இப்போது டிக்கெட் வாங்கி நின்றுகொண்டு போனார்.

இதற்கிடையில் புதுக் குழு அமைந்தது. பெட்ரோல் பங்க் முதலாளி செயலாளர், பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் பொருளாளர், மருந்துக்கடைக்காரர் உறுப்பினர். இவர்களில் யாருக்கும் சிறுநீரகக் கோளாறு இல்லை, குடும்பத்திலும் இல்லை. அதை உறுதிசெய்ய எழுத்தம்மா கேட்ட கேள்விகளில் பங்க் முதலாளி பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனையே செய்துகொண்டார். தலைவரும் இப்போது விதிப்படி சரியானவர்தான், வேனில் ஏறுவதில்லையே. எழுத்தம்மா மட்டும் திருப்தியில்லாமல், "இது ரொம்ப நாள் தாங்காது" என்றார். ஆனாலும் எழுதினார். மூன்று தடவை வேனில் வந்து எல்லாரிடமும் பேசி, உயரமான படியை அளந்து, அக்கா எத்தனை முறை வராமல் போனார், அதனால் அவருக்கு என்ன ஆனது என்று நர்ஸிடம் கேட்டு எழுதினார். "ஏழை, பாவம், கண்ணீர்னெல்லாம் எழுதினா போதாதா?" என்று கேட்ட தம்பியை அவர் பார்த்த பார்வையில் தம்பி வெளியே போய்விட்டார்.

விண்ணப்பம் முதல் சுற்றில் தேறியது. நேரில் பார்க்க ஆபீசர் வருவதாகத் தகவல் வந்தது.

வந்தவர் சின்ன வயதுப் பெண். எழுத்தம்மாவும் கூட ஏறினார். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நேரம், வெயில் கொளுத்தியது. முன்னால் பஸ் கிளம்பியது. அத்தை பின்னாலேயே கிளம்பினாள். கொஞ்ச தூரம் போனதும் ஆபீசர் கேட்டார்: "ஏன் இவ்வளவு மெதுவாப் போறோம்? அந்த பஸ்ஸ முந்தலாமே?"

அக்காதான் சொன்னார்: "அதுல எங்க தலைவர் போறார்ங்க."

"அவர் ஏன் பஸ்ல?"

எழுத்தம்மா விதியைச் சொல்லி விளக்கினார். ஆபீசர் நம்ப முடியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "டயாலிசிஸ் முடிச்சுட்டா? பஸ்லயா?"

அவர் கேட்டு முடிக்கவில்லை, முன்னால் போன பஸ் நிறுத்தம் இல்லாத இடத்தில் நின்றது. அன்றைக்குச் சண்டை போட்ட அதே கண்டக்டர் படியிலிருந்து குதித்து வேனைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினார். "அம்மா! உங்க ஆளு! உங்க ஆளு விழுந்துட்டார்!"

அத்தை வண்டியைக்கூட அணைக்காமல் ஓடினாள். தலைவர் பஸ்ஸின் தரையில் கிடந்தார். உதடு வெளுத்து, சட்டை நனைந்து, கண் மேலே செருகியிருந்தது. கண்டக்டரும் அத்தையும் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வேன் வாசலுக்கு வந்ததும் அவருக்குக் கொஞ்சம் நினைவு திரும்பியது. காலைப் படியில் ஊன்றி எதிர்த்தார்.

"வேணாம்... ஆபீசர் இருக்காங்க... நான் ஏறக் கூடாது..."

"ஏறுய்யா!" என்று அத்தை அலறினாள். அவள் யாரையும் அப்படி ஒருமையில் கூப்பிட்டு அந்த வேனில் கேட்டதில்லை. அவரை உள்ளே தள்ளி நீள சீட்டில் படுக்கவைத்தாள். ரத்த அழுத்தம் இறங்கினால் தலை தாழ்ந்து கால் உயர்ந்து இருக்க வேண்டும். அக்கா எதுவும் கேட்காமல் அவருடைய இரண்டு காலையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

வேன் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் பறந்தது. ஆபீசர் கம்பியைப் பிடித்தபடி மெல்லக் கேட்டார்: "இது ஒரு தடவை, அவசரத்துக்கு ஏத்தினதுதானே? அப்படின்னா நான்..."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எழுத்தம்மா அத்தையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"இல்லைங்க" என்றாள் அத்தை, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "இனிமே தினமும் இதுலதான் வருவார். அவர் தலைவர்தான். ரெண்டும்தான். வண்டி குடுத்தா குடுங்க, குடுக்கலன்னா போங்க."

எழுத்தம்மா கண்ணை மூடிக்கொண்டார். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். ஆபீசரும் முகம் வாடி, "அப்படின்னா என்னால சிபாரிசு பண்ண முடியாதும்மா. எனக்கும் வேற வழியில்ல" என்றார்.

அக்கா மடியில் இருந்த கால்களை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். அந்தக் கால்களுக்குக் கீழே அவருடைய ஒரு கால் தரையில் ஊன்றியிருந்தது, இன்னொன்று புடவைக்குள் முட்டியோடு முடிந்திருந்தது. படுத்துக்கிடந்த தலைவருக்கு அந்த இடத்திலிருந்து அதுதான் தெரிந்திருக்கும்.

"எழுதிக்கோங்க" என்றார் தலைவர். காற்றாகத்தான் வந்தது. யாருக்கும் புரியவில்லை.

"என்ன தலைவரே?"

"தலைவர் இல்ல. விலகிட்டேன்னு எழுதிக்கோங்க. ஆபீசர் காதுல விழட்டும்."

வேனில் இருந்த ஒருவர் "வேணாம்ணே!" என்று கத்திவிட்டார். பதவி போனால் உயிர் போகும் என்றே அவர்களுக்குப் பழகியிருந்தது. தம்பி அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார்.

"மூச்சு இருக்குடா, கைய எடு" என்றார் தலைவர்.

ஆபீசர் அழுதாரா சிரித்தாரா தெரியவில்லை. வாயால் சொன்னால் செல்லாது, முறைப்படி கூட்டம் போட்டு, எழுத்தில் கொடுத்து, புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொன்னார். அந்த வாரமே எழுத்தம்மா அதையெல்லாம் செய்து முடித்தார். பங்க் முதலாளி தலைவர் ஆனார். பழைய தலைவர் வார்டில் படுத்தபடியே கையெழுத்துப் போட்டார். அத்தை "ஏறுய்யா" என்று கத்தினதற்காக மட்டும் அவர் பல நாள் அவளோடு பேசவில்லை.

நிதியுதவி அந்தச் சுற்றில் கிடைக்கவில்லை. குழு மாறிவிட்டதால் விண்ணப்பத்தை அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிட்டார்கள். இந்தச் செய்தி கேட்டு அத்தை ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தாள். இடைப்பட்ட மாதங்களில் அந்தப் பஸ் கண்டக்டர்தான், தன் வண்டி அந்தப் பக்கம் வரும் நேரமாகப் பார்த்து இறங்கி வந்து, அக்காவை நாற்காலியோடு தூக்கி ஏற்றிவிட்டுப் போனார். அக்கா இரண்டு முறை மூச்சு முட்டிப் படுத்தார். பிழைத்தார். எழுத்தம்மா இரண்டாவது தடவை எழுதினதற்குக் கூலி வாங்கவில்லை என்று நினைப்பீர்கள். வாங்கினார். பாதி வாங்கினார்.

புது வேன் வந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் சின்னக் கூட்டம். பங்க் முதலாளி வெள்ளைச் சட்டையில் லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றார். பழைய தலைவர் வேனுக்குள்ளே, பின்னால், ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்துகொண்டார். அக்காவின் நாற்காலியைத் தட்டில் ஏற்றி, அத்தை பொத்தானை அழுத்தினாள். தட்டு உறுமிக்கொண்டு மேலே போனது. பாதியில் நின்றுவிட்டது. அக்கா தரையிலும் இல்லாமல் வண்டியிலும் இல்லாமல் அந்தரத்தில் ஆடினார்.

"அய்யோ! தலைவரே! பிடிங்க!"

பங்க் முதலாளி பதறி இரண்டு கையையும் நீட்டினார்.

"உங்கள இல்லைங்க!" என்றார் அக்கா.

பின் சீட்டிலிருந்து அந்த ஒல்லி மனிதர் தட்டுத்தடுமாறி எழுந்து வந்து, ஊசி குத்தாத கையால் நாற்காலியின் கம்பியை இறுகப் பிடித்தார். அத்தை பொத்தானை மறுபடி அழுத்தினாள்.